ஐந்து நிமிடம் போதுமா, 34 வினாடியா?

கம்பம்மெட்டு:
நேற்று குமுளி மிளகு தம்பி ஓர் அருள்வாக்கு சொல்லியிருந்தார். ஏலக்காய்க் கடை சர்வரில் மாதம் எவ்வளவு டேட்டா போகிறது, யார் தின்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது என போடி ஏலம் கேட்டிருந்தார். அதற்குத் தம்பியின் பதில்: "விஎன்ஸ்டாட் போடுங்க, டேட்டாவைக் கணக்கெடுக்கிற மென்பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் படிக்கும். ஒரு பைட்கூடத் தப்பாது." படித்ததும் எனக்குக் காபி புரையேறிவிட்டது. ஒரு பைட் இல்லை தம்பி, ஜிபி ஜிபியாகத் தப்பும். அது படிக்கிற எண் கவுண்டர் என்ற மீட்டரில் இருக்கிறது. 32 பிட் கவுண்டர் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட் வரைதான் எண்ணும். அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஜிகாபிட் வேகத்தில் அது நிரம்ப எவ்வளவு நேரம் தெரியுமா? 34 வினாடி. நீங்கள் ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்க்கும்போது எட்டுச் சுற்று சுற்றி முடித்துவிட்டு ஒன்பதாவதில் நிற்கும். அதைப் பார்த்து "ஆஹா, கொஞ்சம்தான் போயிருக்கிறது" என்று எழுதி வைப்பீர்கள்.

குமுளி மிளகு:
அண்ணே, காபிக்கு என் அனுதாபம். ஜிகாபிட் யார் கடையில் இருக்கிறது? போடி அண்ணன் லைன் 100 எம்பிபிஎஸ், ஜிகாபிட்டில் பத்தில் ஒரு பங்கு என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வேகத்தில் உங்கள் 32 பிட் கவுண்டர் சுற்றி வர 343 வினாடி ஆகும். ஐந்து நிமிடம் என்றால் 300 வினாடி. 343 பெரிசா, 300 பெரிசா? மூன்றாம் வகுப்புக் கணக்கு.

கம்பம்மெட்டு:
43 வினாடி மிச்சத்தில் வியாபாரியின் கணக்கை நடத்தச் சொல்கிறீர்களா? படிக்கிற ஸ்கிரிப்ட் ஒரு நிமிடம் தூங்கினால் என்ன ஆகும்? அப்புறம், லைன்தான் 100. சர்வரின் லேன் கார்டு ஜிகாபிட். ராத்திரி பக்கத்து அறையில் கோப்புகளைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டிக்கு பேக்கப் ஓடும்போது என்ன வேகம்? அப்போது எத்தனை வினாடி? 34. இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

போடி ஏலம்:
ரெண்டு பேருக்கும் வணக்கம். சர்வரில் ஐபி ஏ என்ற கட்டளையைத் தட்டினால் ஈ-என்-பி-3-எஸ்-0 என்று ஒரு பெயர் வருகிறது, டபிள்யூஜி0 என்று இன்னொன்று வருகிறது. விஎன்ஸ்டாட்டில் எதைக் கொடுக்க வேண்டும்? காலை பதினொரு மணிக்கு மூன்று டிப்போவிலும் பில் போட முடியாமல் ஆட்கள் கத்துகிறார்கள்.

உத்தமபாளையம் வாத்தியார்:
தம்பிகளா, டிராஃபிக், கவுண்டர், மானிட்டர் என்று கொட்டுகிறீர்களே. வலைப் போக்குவரத்து, எண்ணி, கண்காணிப்பு என்று எழுதினால் எண்கள் குறைந்துவிடுமா?

வண்டிப்பெரியார் சாயா:
வாத்தியார் ஐயா, "போக்குவரத்துக் கண்காணிப்பு" என்று எழுதினால் எங்கள் ஆட்கள் குமுளி செக்போஸ்ட் என்று நினைத்து ஆர்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

உத்தமபாளையம் வாத்தியார்:
செக்போஸ்ட் என்பதும் தமிழ் இல்லை. சோதனைச் சாவடி.

லோயர்கேம்ப்:
நடுவில் ஒரு சேதி. விஎன்ஸ்டாட் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பதில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் தானாகவே வைத்திருக்கும் எண்ணைத்தான் படிக்கிறது. பின்னணியில் ஓடும் அதன் டீமன் இயல்பான அமைப்பில் 20 வினாடிக்கு ஒருமுறை படிக்கும். ஐந்து நிமிடம் என்பது டேட்டாபேஸில் எழுதிவைக்கும் இடைவெளி. இன்றைக்கு 64 பிட் லினக்ஸில் அந்த எண்ணும் 64 பிட். ஜிகாபிட்டில் ஓயாமல் ஓடினாலும் அது சுற்றி வர 4,600 வருஷத்துக்கு மேல் ஆகும். 34-ம் கிடையாது, 343-ம் கிடையாது.

குமுளி மிளகு:
கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணே! 20 வினாடி. 34க்குள் 20 அடங்கும். நான் சொன்னது சரிதான்.

கம்பம்மெட்டு:
நீங்கள் 20 வினாடி என்று எங்கே சொன்னீர்கள்? ஐந்து நிமிடம் என்றீர்கள். மேலே போய்ப் படியுங்கள். லோயர்கேம்ப்காரர் காப்பாற்ற வந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொள்ளாதீர்கள். லோயர்கேம்ப், நீங்களும் சொல்லுங்கள்: 32 பிட் கவுண்டர் ஜிகாபிட்டில் 34 வினாடியில் சுற்றுமா, சுற்றாதா? ஆம், இல்லை, அவ்வளவுதான்.

லோயர்கேம்ப்:
சுற்றும். ஆனால் அவர் சர்வரில் இருப்பது 32 பிட் இல்லை.

கம்பம்மெட்டு:
"சுற்றும்." எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். மீதி எனக்கு வேண்டாம்.

வலைக் கம்பிகளை இணைக்கும் ஸ்விட்சிலிருந்து எஸ்என்எம்பி (வலைக் கருவிகளிடம் கணக்குக் கேட்கும் முறை) மூலம் படித்தால் என்ன செய்வீர்கள்? பழைய முதல் பதிப்பு எஸ்என்எம்பியில் 64 பிட் கவுண்டரே கிடையாது, 32தான். கம்பத்தில் கேபிள் இழுத்து இன்டர்நெட் கொடுத்த காலத்திலிருந்து நான் இதைப் பார்த்து வருகிறேன். லைன் வேகத்தை வரைபடமாக்கும் எம்ஆர்டிஜியில் பச்சைக் கோடும் நீலக் கோடும் பார்த்து வளர்ந்தவன். ஒரு வாடிக்கையாளர் லைன் திணறுகிறது, வரைபடத்தில் 15 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. மூன்று நாள் மண்டையை உடைத்தோம். கடைசியில் கவுண்டர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. டிரிப் ஜீப் தெரியும் இல்லையா, விடியற்காலையில் கம்பம்மெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறதே, அதில் ஐந்து இலக்க மீட்டர் இருக்கும். 99999 தாண்டினால் மறுபடி 00000. அந்த மீட்டரைப் பார்த்து "புது வண்டி" என்று வாங்குகிறவர்தான் மிளகு தம்பி.

குமுளி மிளகு:
எம்ஆர்டிஜி புராணம் ஆரம்பமாகிவிட்டது. அண்ணே, நீங்கள் திட்டுகிற அந்த ஐந்து நிமிடமே எம்ஆர்டிஜி போட்ட வழக்கம்தான். டோபியாஸ் ஓட்டிக்கர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுத ஆரம்பித்தது, 1995இல் வெளியே வந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அந்த வேகத்தில் 32 பிட் கவுண்டர் நிரம்ப ஆறு நாளுக்கு மேல் ஆகும். அவருக்கு ஐந்து நிமிடம் தாராளம். நீங்கள் அதே எம்ஆர்டிஜியை வேகமான லைனில் மாட்டி, கவுண்டர் 32ஆ 64ஆ என்று பார்க்காமல் மூன்று நாள் மண்டையை உடைத்திருக்கிறீர்கள். தப்பு யாருடையது?

கம்பம்மெட்டு:
அப்படியானால் ஐந்து நிமிடம் தப்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

குமுளி மிளகு:
எங்கே ஒப்புக்கொண்டேன்!

லோயர்கேம்ப்:
2000இல் வந்த இணைய விதி ஆவணம் ஆர்எஃப்சி 2863 இதைத் தெளிவாகச் சொல்கிறது. 20 மெகாபிட்டுக்கு மேல் வேகமுள்ள இண்டர்ஃபேஸில் பைட்டை எண்ண 64 பிட் கவுண்டர் வைத்தே ஆக வேண்டும். எஸ்என்எம்பியின் 2சி பதிப்பைப் போட்டு ஹெச்சி என்று தொடங்கும் கவுண்டரைப் படித்தால் இந்தச் சண்டையே இல்லை.

கம்பம்மெட்டு:
விதி எழுதியவர் என் ஸ்விட்சை வந்து பார்த்தாரா?

வண்டிப்பெரியார் சாயா:
எந்த ஸ்விட்ச் சேட்டா? மிளகு கையில் இருக்கிறதே, அதுவா?

கம்பம்மெட்டு:
நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறி வந்த அன்றைக்கு, "ரெண்டே நாள் அண்ணே" என்று எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கிப் போனார். கோயில் வருஷத்துக்கு ஒருநாள்தான் திறக்கும். ஸ்விட்சும் அதே கணக்கில் திரும்பும் போலிருக்கிறது.

குமுளி மிளகு:
அந்த ஸ்விட்சில் ரெண்டு போர்ட் செத்துப்போய்தான் வந்தது. ஆகாத பொருளைக் கொடுத்துவிட்டு ஊரைக் கூட்டிச் சொல்கிறீர்கள். அதில் எஸ்என்எம்பி முதல் பதிப்பு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் 34 வினாடிக் காதல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

கம்பம்மெட்டு:
ஆகாத பொருள் என்றால் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?

போடி ஏலம்:
அண்ணே, ஈ-என்-பி-3-எஸ்-0வா, டபிள்யூஜி0வா?

லோயர்கேம்ப்:
போடி அண்ணே, டபிள்யூஜி0 என்பது உங்கள் டிப்போக்களுக்குப் போகும் விபிஎன் குழாய், இன்டர்நெட்டுக்குள் ஒரு தனிப்பாதை. அதன் வழியே போவது மறுபடி லேன் கார்டு வழியேதான் வெளியே போகும். ரெண்டையும் கூட்டினால் அதே சரக்கை ரெண்டு தடவை எடை போட்ட கதை. லேன் கார்டை, அதாவது ஈ-என்-பி-3-எஸ்-0வைக் கொடுங்கள். ஆனால் ராத்திரி பேக்கப்பும் அதே கார்டில் போவதால் விஎன்ஸ்டாட் அதையும் சேர்த்து எண்ணிவிடும், லைன்காரர் பில்லோடு ஒத்துப்போகாது. மாத அளவு வேண்டுமென்றால் ரவுட்டரின் வெளிப் பக்க போர்ட்டில் எண்ணுங்கள். பதினொரு மணிக்கு யார் தின்கிறார்கள் என்று விஎன்ஸ்டாட் சொல்லாது. அந்த நேரத்தில் உட்கார்ந்து நெட்ஹாக்ஸ் ஓட்டுங்கள், எந்த ப்ரோகிராம் என்று காட்டும். எந்த ஐபிக்குப் போகிறது என்று ஐஎஃப்டாப் காட்டும்.

கம்பம்மெட்டு:
பதினொரு மணி என்றதும் இன்னொன்று. பத்து வினாடி ஜிகாபிட்டில் கார்டை நிரப்பி ஒரு வெடி வெடித்தால், ஐந்து நிமிடச் சராசரியில் அது 33 எம்பிபிஎஸ் என்று சாதுவாகப் படுத்திருக்கும். பில் நின்றது நின்றதுதான், வரைபடம் மட்டும் "எல்லாம் சுகம்" என்னும். கவுண்டர் 64 பிட்டாக இருந்தாலும் ஐந்து நிமிடம் தப்பு, 32 பிட்டாக இருந்தால் அதைவிடத் தப்பு. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று யாராவது சொல்வார்களா?

வண்டிப்பெரியார் சாயா:
அணைப் பக்கம் வர வேண்டாம். எங்கள் வீடு அதற்குக் கீழே இருக்கிறது.

உத்தமபாளையம் வாத்தியார்:
அணை என்றால் ஏன் பயப்பட வேண்டும்? 1895இல் பென்னிகுயிக் கட்டியது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் வயல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது.

வண்டிப்பெரியார் சாயா:
வயல் உங்களுக்கு, ராத்திரித் தூக்கம் எங்களுக்கு. நானும் தமிழன்தான் ஐயா, தோட்டத்துக்கு வந்து நாலு தலைமுறை. ஆனால் மழைக்காலத்தில் என் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் படுத்துப் பாருங்கள்.

உத்தமபாளையம் வாத்தியார்:
என் திண்ணைக்கும் வாருங்கள், ரெண்டாம் போகத்துக்குத் தண்ணீர் இல்லாத வருஷத்தில்.

குமுளி மிளகு:
அண்ணே, பார்த்தீர்களா, சர்வரில் ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள்.

கம்பம்மெட்டு:
நானா நிறுத்தினேன்? அணை ஓர் உதாரணம். உதாரணத்தைக்கூடத் தாங்காத ஆட்கள் சர்வர் வைத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 32 பிட், ஜிகாபிட், எத்தனை வினாடி? இதற்கு இன்னும் மிளகு தம்பி பதில் சொல்லவில்லை.

குமுளி மிளகு:
நானும் ஒரே கேள்விதான் கேட்டேன். 100 எம்பிபிஎஸ், 343 பெரிசா 300 பெரிசா? அதற்கு உங்களிடமும் பதில் இல்லை.

கம்பம்மெட்டு:
34.

குமுளி மிளகு:
343.

வண்டிப்பெரியார் சாயா:
ஏலத்தில் விலை கேட்பது மாதிரியே இருக்கிறது. யாராவது தட்டி முடியுங்கப்பா.

போடி ஏலம்:
லோயர்கேம்ப் சொன்னபடி பதினொரு மணிக்கு நெட்ஹாக்ஸ் ஓட்டினேன். ரெண்டாவது டிப்போவுக்கான பேக்கப் ப்ரோகிராம் பகலில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பதினொன்று என்று போட வேண்டியதைக் காலை பதினொன்று என்று போட்டிருக்கிறார்கள். மாற்றிவிட்டேன், பில் போகிறது. ரொம்ப நன்றி.

கம்பம்மெட்டு:
சந்தோஷம். அந்த பேக்கப் எந்த வேகத்தில் ஓடியது? லேன் கார்டு ஜிகாபிட்தானே?

குமுளி மிளகு:
டிப்போவுக்குப் போவது 100 எம்பிபிஎஸ் லைனில் அண்ணே!

கம்பம்மெட்டு:
ஸ்விட்சைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.