'வெதரிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல்: 'வயதேற்றல்' பொருந்துமா?

மண்டபத்திலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதிரி ரயில் கலைச்சொல் பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்கும் 'வெதரிங்' என்ற சொல்லை இன்று எடுத்துக்கொள்கிறேன். 'ஸ்கேல்' என்பதற்கு அளவுவீதம் என்றும், 'பாலஸ்ட்' என்பதற்குப் பாதை வேலை செய்பவர்கள் வாயில் வழங்கும் ஜல்லி என்றும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். நீண்ட பாலத்தை மேசைக்குள் அடக்குவதற்காகச் சில கண்களை, அதாவது தூணுக்குத் தூண் உள்ள பகுதிகளில் சிலவற்றை, மட்டும் தெரிந்தெடுத்துச் செய்வதைத் 'தேர்ந்து சுருக்கல்' எனக் குறிப்பதிலும் மாற்றுக் கருத்து எழவில்லை. 'வெதரிங்' மட்டும் மூன்று முறை பேச்சுக்கு வந்து மூன்று முறையும் முடிவில்லாமல் விடப்பட்டது. கடற்கரையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில், இந்தச் சொல்லுக்கு என்னிடம் ஒரு விடை இருப்பதாகக் கருதுகிறேன்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய பெட்டியானாலும் வீட்டில் செய்த பாலமானாலும் புதுப் பூச்சின் பளபளப்போடுதான் இருக்கும். உண்மையான ரயில் பெட்டியோ கூரையில் வெயிலால் வெளுத்து, ஜன்னல்களின் கீழே மழைநீர் இறங்கிய கோடுகளோடு, பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத்தூள் அடிப்பகுதியில் படிந்து செம்பழுப்பாகிக் காணப்படும். நீராவி இன்ஜினாக இருந்தால் மேலே புகைக்கரியும், நீர் கசியும் மூட்டுகளில் சுண்ணாம்பு வெளுப்பும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தோற்றத்தைத் தூரிகையாலும் வண்ணத்தூளாலும் வேண்டுமென்றே வரவழைக்கும் வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இதுவரை முன்மொழியப்பட்டவற்றில் 'வானிலையாக்கம்' என்பது ஆங்கிலச் சொல்லின் நிழல் மட்டுமே. வானிலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புயல் எச்சரிக்கைதான். நம் பள்ளிப் புவியியல் பாடத்தில் உள்ள 'வானிலைச் சிதைவு' என்பதையோ, நீரிணைக்கு அப்பால் இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'வானிலையாலழிதல்' என்பதையோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு அன்பர்கள் எழுதியிருந்தார்கள். பாறைக்கு அவை பொருந்தும். ஓடுகிற வண்டிக்குப் பொருந்தா என்பது என் கருத்து. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் சுவர்களைச் சிதைவு என்று சொல்லலாம். அதே ஆண்டில் பாம்பன் சந்திப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற, ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடும் மீட்டர்கேஜ் இன்ஜின், கரி அப்பிய உடம்போடு அன்றாடம் வேலை செய்துகொண்டிருந்தது. அதில் எதுவும் சிதையவில்லை. 'நாள்படுத்தல்' என்ற சொல் ஓசையில் நன்றாக இருந்தாலும், நாள்பட்ட என்று தொடங்கினாலே நோயும் பழைய கருவாடும் கூடவே வந்து நிற்கின்றன.

நான் முன்வைக்கும் சொல் 'வயதேற்றல்'.

இதற்கு முதற்காரணம் 'ஏறு' என்ற வினை. ஒரு பொருளின் மேற்பரப்பில் காலம் செய்கிற மாற்றங்களுக்கு நம் மக்கள் பெரும்பாலும் இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரும்பில் துரு ஏறுகிறது, செம்பில் களிம்பு ஏறுகிறது, வேட்டியில் காவி ஏறுகிறது, காகிதம் பழுப்பேறுகிறது, சுவரில் உப்பு ஏறுகிறது. மனிதனுக்கு வயது ஏறுகிறது. எங்கள் தெருவில் பாதை பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் பாலத்தில் துருவை எங்கெங்கே காட்டவேண்டும் என்று அவரிடம் கேட்டபோது, இரும்பு உத்தரத்தின் அடிப்பக்கத்தையும் ரிவெட் தலைகளின் ஓரத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, "மழை கழுவுற எடத்துல சீக்கிரம் வராது தம்பி, மழை படாத எடத்துலதான் உப்பு தங்கித் துரு ஏறும்" என்றார். நான் அதுவரை மேற்பக்கத்தில்தான் துருவைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வேலையைத் திருத்தியதோடு, தேடிக்கொண்டிருந்த வினைச்சொல்லையும் அவர் போகிற போக்கில் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஏறு என்பது தன்வினை. ஏற்று என்பது பிறவினை. 'வயதேறிய பெட்டி' என்றால் உண்மையாகவே பழையதாகிப்போன பெட்டி. 'வயதேற்றிய பெட்டி' என்றால் ஒருவர் கைவேலையால் பழையது போல ஆக்கப்பட்ட பெட்டி. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான் உள்ளது. நமக்கு ஓர் ஒற்றெழுத்தே அந்த வேறுபாட்டைத் தந்துவிடுகிறது. இது இலக்கண நயத்துக்காக மட்டும் நான் சொல்வதன்று, கடற்கரையில் மாதிரி ரயில் வைத்திருப்பவருக்கு அன்றாடம் தேவைப்படும் வேறுபாடு. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

என் மேசை எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்டது. அதில் 1960களின் தொடக்கத்திலிருந்த பாம்பன் சந்திப்பையும், பாலத்தின் சில கண்களையும் 1:120 அளவுவீதத்தில் செய்துவருகிறேன். இந்த அளவுவீதத்தில் மீட்டர்கேஜ் பாதை 8.3 மில்லிமீட்டர் அகலம் வரும் என்பதால், எளிதில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்னும் கலப்புலோகத்தால் ஆனது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அது இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது. எனவே அதன் பக்கவாட்டில் துருநிறத்தை நாமே தீட்ட வேண்டும். ஆனால் மேல்முகத்தின் வழியாகத்தான் இன்ஜினின் சக்கரங்களுக்கு மின்சாரம் போகிறது. வாடைக்காற்றின் ஈரமும் உப்பும் அந்த முகத்தை மங்கச் செய்தால் வண்டி திக்கித் திக்கி நின்றுவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அதை அடிக்கடி துடைத்துவர வேண்டும். ஆகவே ஒரே தண்டவாளத்தின் பக்கவாட்டில் வயதேற்றுகிறோம், மேல்முகத்தில் வயதேறாமல் காக்கிறோம். இந்த வாக்கியத்தைச் 'சிதைவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு சுருக்கமாக எழுத முடியுமா என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மூன்றாவதாக, இந்தச் சொல்லின் கீழ் ஒரு குடும்பமே அமைகிறது. துருவேற்றல், கரியேற்றல், தூசியேற்றல், உப்பேற்றல் என ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெயர் தானாகவே கிடைத்துவிடுகிறது. மானாமதுரையில் நிற்கும் சரக்குப் பெட்டிக்குத் தூசியேற்றினால் போதும். அதே பெட்டியைப் பாம்பனில் நிறுத்தினால் உப்பேற்றவும் வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபடும் இந்த நுட்பத்தைச் சொல்ல நமக்கு இனி விளக்கவுரை தேவைப்படாது.

அன்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

தொண்டியிலிருந்து மறுமொழி

மண்டபத்து அண்ணன் அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஏறு, ஏற்று என்ற வேறுபாட்டை அண்ணன் எடுத்துக்காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனினும் புவியியல் கற்பிப்பவள் என்ற முறையில் இரண்டு ஐயங்களைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, ஏற்றல் என்றால் ஒன்றைக் கூட்டுவது. ஆனால் வெயிலும் மழையும் செய்கிற வேலையில் பாதி குறைப்பதுதான். பாறை இருந்த இடத்திலேயே உடைந்து நொறுங்குவதைத்தான் நாங்கள் வானிலைச் சிதைவு என்று கற்பிக்கிறோம். பாலத்தின் பூச்சு உரிவதும், ஸ்லீப்பர் கட்டையின் முனை பிளப்பதும், தூணின் காரை உதிர்வதும் இழப்புகள். இழப்பைக் காட்டும் வேலையை ஏற்றல் என்று சொல்வது முறையாகுமா?

இரண்டாவது, எங்கள் பள்ளி மாணவர்கள் புதிய பாம்பன் பாலத்தை அட்டையில் செய்து வருகிறார்கள். அது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கடல்நீர் தெறிக்கும் தூண்களின் அடியில் உப்பு வெளுப்பைக் காட்டவேண்டும் என்று ஒரு மாணவி பிடிவாதமாக நிற்கிறாள்; அவள் பார்வை சரியானது. ஆனால் பிறந்து சில காலமே ஆன பாலத்துக்கு வயதேற்றுகிறோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

'வயது' வடசொல் என்பதால் 'அகவையேற்றல்' என்று வைக்கலாமா என்றும் தனிமடலில் ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மண்டபத்திலிருந்து மீண்டும்

தொண்டித் தங்கைக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அகவை என்பது பிறந்தநாள் வாழ்த்திலும் விழா மலர்களிலும் வழங்கும் சொல், பட்டறையில் வழங்காது. வண்ணக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் தயங்காமல் வாயில் எடுக்கிற சொல்லாக இருக்கவேண்டும் என்பதால் வயது என்றே வைத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன்.

தங்கையின் முதல் ஐயம் கனமானது. நேற்று முழுவதும் அதை மனத்தில் வைத்துக்கொண்டே பாலத்தின் ஓர் உத்தரத்தில் வேலை செய்தேன். உரிந்த பூச்சை எப்படிக் காட்டுகிறேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் உத்தரம் முழுவதற்கும் துருநிறம் அடித்துக் காயவிடுகிறேன். பிறகு அதைத் தண்ணீரால் நனைத்து, துரு வெளித்தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் தூள் உப்பும் சிறிது நுணுக்கிய கல்லுப்பும் தூவுகிறேன். ஈரம் காய்ந்ததும் உப்பு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் பாலத்தின் வெள்ளிநிறப் பூச்சைத் தெளித்து, அதுவும் காய்ந்தபின் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் உப்புக்கற்கள் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு உதிர்கின்றன. கல் இருந்த இடத்தில் கிழிந்த விளிம்போடு அடித்துரு தெரிகிறது. தூரிகையால் எவ்வளவு பொறுமையாகத் தீட்டினாலும் அந்த விளிம்பு வராது. உத்தரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்த உண்மையான இரும்பு என்றே கண் நம்பிவிடும்.

எனவே இங்கே இழப்பைக் காட்டுவதற்கும் துரு, உப்பு, வெள்ளி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித்தான் ஆகவேண்டியிருக்கிறது. ஆனால் இதை முழு விடையாக நான் முன்வைக்கவில்லை. ஸ்லீப்பர் கட்டையைக் கம்பித்தூரிகையால் கீறும்போது உண்மையாகவே மரத்தைக் குறைக்கத்தான் செய்கிறோம். தலைச்சொல்லாகத் துருவையோ உப்பையோ வைக்காமல் வயதை வைத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. வயது ஏறும்போது சுருக்கம் விழுவதும் உண்டு, பல் விழுவதும் உண்டு. கூடுவதும் குறைவதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். கேள்வி வரும்வரை இதை நான் இவ்வளவு தெளிவாக எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தங்கைக்கு என் நன்றி.

இதே வேலையில் முன்பு நான் செய்த ஒரு பிழையையும் சொல்லவேண்டும். முதல்முறை உப்பைத் தேய்த்து உதிர்த்ததோடு விட்டுவிட்டேன், நல்ல தண்ணீரில் கழுவவில்லை. எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தை மூலைகளில் தங்கியிருந்த உப்பு உறிஞ்சிக் கசிந்து, ரிவெட் வரிசையெங்கும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பித்தளைக் கம்பியால் செய்த கைப்பிடிகளில் பச்சைக் களிம்பு கிளம்பியது. நான் வயதேற்றியதன்மேல் காற்றும் தன் பங்குக்கு வயதேறச் செய்துவிட்டது. கடற்கரை மணலைப் பாதையோரத்தில் ஒட்டுகிறவர்களும் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும். மணலை நான்கைந்து முறை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்திச் சலித்த பிறகே பயன்படுத்த வேண்டும்; ஒட்டும்போது வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் அது மணலுக்குள் தானே இறங்கிவிடும்.

இனி இரண்டாவது ஐயம். அதில் மாணவியின் பக்கமே நியாயம் இருக்கிறது. துருவை எதிர்க்கும் கம்பிகளையும் தனிக் காப்புப் பூச்சையும் கொண்டு கட்டிய பாலம் அது. அதன் இரும்பில் துருவைத் தீட்டினால் தவறாகிவிடும், தூணடியில் உப்பு வெளுப்பைத் தீட்டினால் சரியாக இருக்கும். அந்த வேலையை 'உப்பேற்றல்' என்று மட்டும் சொல்லட்டும். தலைச்சொல்லை எல்லா இடத்திலும் வலிந்து பயன்படுத்தத் தேவையில்லை என்ற குறிப்பைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கப்படும், 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் தூக்குக்கண்ணை அவர்கள் எந்த அளவுவீதத்தில் செய்கிறார்கள் என்று தெரிவித்தால் மகிழ்வேன். என் அளவுவீதத்தில் அது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வரும். அட்டை தொய்யாமலிருக்க உள்ளே ஈர்க்குச்சி வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

பட்டியலில் நான் பதிய விரும்பும் வரையறை இது: 'வயதேற்றல் – மாதிரிப் பொருளுக்கு வெயில், மழை, காற்று, உழைப்பு ஆகியவற்றால் உண்டாகும் தோற்றத்தைக் கைவேலையால் அளித்தல்; வயதேறுதல் என்பதிலிருந்து வேறுபட்டது.' இதன் கீழ்ச் சொற்களாகத் துருவேற்றல், கரியேற்றல், தூசியேற்றல், உப்பேற்றல் ஆகியவை வரும். உப்பைத் தூவிப் பூச்சைப் பெயர்க்கும் முறைக்குப் 'பொருக்குரித்தல்' என்று ஒரு சொல்லை எழுதி வைத்திருக்கிறேன். பொருக்கு என்பது சேற்றுக்கும் புண்ணுக்கும் வழங்குவதால் பூச்சுக்கும் பொருந்துமா என்பதைத் தங்கையும் மற்றவர்களும் சொல்லவேண்டும்.