வெள்ளிக்கம்பியில் வரையலாம் என்று பார்த்தால் கோடே விழவில்லை

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
ஜெர்மன் ஓவியர் டியூரர் 1484-இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வெள்ளிக்கம்பியால் வரைந்த படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. கிருஷ்ணகிரியில் ஒரு சாண் கம்பி வாங்கி ஏ4 தாளில் தேய்த்தால் ஆணியில் கீறின மாதிரி பள்ளம்தான் விழுகிறது. சரி என்று வெள்ளை போஸ்டர் கலரைத் தடியாகப் பூசினேன். காய்ந்ததும் தாள் அப்பளமாகச் சுருண்டு, கம்பி பட்ட இடமெல்லாம் பெயர்ந்துவிட்டது. தப்பித்த இடத்திலும் லேசாகச் சாம்பல் நிறம், அவ்வளவுதான். எங்கே தப்பு?

உரைகல் (தருமபுரி):
எங்கள் வீட்டில் பத்தர் வேலை. உரைகல்லில் நகையை உரசினால் கோடு விழுகிறதே, அதே சங்கதிதான் இது. பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் உலோகம் துளி தேய்ந்து அதில் ஒட்டும், வெறும் தாளுக்கு அது போதாது. அந்தச் சொரசொரப்புக்காகத் தாளில் பூச, சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் கோழி எலும்பை வெள்ளையாகும்வரை சுட்டு அரைக்கச் சொல்கிறார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்கள் அதெல்லாம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் தடிமனான வாட்டர்கலர் தாளை அட்டையில் ஒட்டி, ஜெஸ்ஸோவை (ஓவியப் பரப்புக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பால் பதத்துக்குக் கரைத்து மூன்று கை பூசுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காயணும். அப்புறம் கம்பி முனையை உப்புத்தாளில் உருட்டி மழுக்குங்கள். கூராக இருந்தால் கிழிக்கும்.

கரிக்கோடு:
அந்தச் சாம்பல் நிறம் தப்பே இல்லை, வெள்ளி அப்படித்தான். அழுத்தினால் கறுக்காது, பூச்சுதான் போகும். நெருக்கமாகக் கோட்டின் மேல் கோடாகப் போட்டுத்தான் நிழல் ஏற்றணும். ரப்பரில் அழியாது, அதனால் முதல் கோட்டிலேயே நிதானம் வேண்டும். வீட்டில் கொலுசு கறுக்கிறதே, அதுபோல நாளாக நாளாகக் கோடு பழுப்பாகும்.

மாந்தோப்பு:
வந்துவிட்டது! பெங்களூரா மாங்காயின் மூக்கு மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, ஒன்றரை மணி நேரம். காம்பிலிருந்து மூக்குவரை வழிந்த பால் கறை வரைக்கும் பிடித்துவிட்டேன். ஒகேனக்கலில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்று கிடைத்தது, அது வெறும் தாளிலேயே எழுதுகிறதே?

உரைகல்:
எழுதும், ஈயம் அவ்வளவு மெத்து. ஆனால் விஷம். முனையை வாயில் வைக்காதீர்கள், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மாங்காய் படத்தைப் போடுங்க, பார்ப்போம்.