ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்த பிறகு எண்டோலீக்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. வயிற்றுப் பெருந்தமனி 5.8 செ.மீ. அளவுக்கு வீங்கியிருந்ததால் இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் கிராஃப்ட் (வீங்கிய இடத்தில் ரத்தம் சுவரில் மோதாமல் போக, தமனிக்குள் வைக்கும் குழாய்) வைத்தார்கள். வயிற்றைத் திறக்கவில்லை, இரண்டு தொடை இடுக்கு வழியாகவே ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார். முதல் வருட ஸ்கேனில் வீக்கம் 5.4 ஆகக் குறைந்திருந்தது. அத்தோடு நிம்மதியாகிவிட்டோம்.

போன வாரம் எடுத்த சி.டி.யில் 6.1. இரண்டாம் வகை எண்டோலீக், அதாவது கிராஃப்ட் வைத்த பிறகும் வீக்கப் பைக்குள் ரத்தம் கசிவது, என்கிறார் டாக்டர். கிராஃப்ட் நகரவில்லை, இரு முனைகளும் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் முதுகுப் பக்கம் போகும் சிறு தமனிகளிலிருந்து ரத்தம் பின்னோக்கி வந்து பழைய வீக்கப் பைக்குள் சேர்கிறது. இந்த வகை பலருக்குத் தானாகவே அடைபட்டுவிடுமாம். அப்பாவுக்குப் பை வளர்வதால் அப்படியே விட முடியாது, அந்தத் தமனியைக் காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்து அடைக்கலாம் என்கிறார்.

எனக்குப் பெரிய கவலை சிறுநீரகம். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏற்கெனவே 1.7, அதிகம்தான். சி.டி.யில் தமனி தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும், அது சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று மனசு பதறுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி அடைத்தார்களா? ஒரே தடவையில் நின்றதா, திரும்ப வந்ததா? தொடர் கண்காணிப்புக்கு சி.டி.க்குப் பதில் டாப்ளர் (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் மட்டும் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், கடைசியில் வயிற்றைத் திறந்து கிராஃப்ட்டையே எடுக்க நேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் பெரிய உதவி.