புதிய பிக்கப் வண்டிக்குக் குளிர்கால டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

வணக்கம். நான்கு சக்கர இயக்கம் உள்ள அரை டன் வகைப் பிக்கப் (முழு அளவுப் பிக்கப்புகளில் இலகுவான வகை) ஒன்றை வாங்கவிருக்கிறேன். இதுவரை முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார்களை மட்டுமே ஓட்டியிருக்கிறேன். வண்டியோடு 20 அங்குல ரிம்மும், எல்லாப் பருவத்துக்கும் உரியவை எனப்படும் டயர்களும் வருகின்றன. டயரின் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று பொறித்திருப்பதாலும், நான்கு சக்கரங்களும் இழுப்பதாலும், பனிக்காலத்துக்கு வேறு டயர் வாங்குவது வீண் செலவு என்று விற்பனையாளர் சொல்கிறார். பெரும்பாலான நாள்களில் பின்பெட்டி காலியாகத்தான் இருக்கும். எப்போதாவது மரச்சாமான்களோ சிறிய டிரெய்லரோ உண்டு. அவர் சொல்வது சரிதானா? தனி டயர் வேண்டுமென்றால் எந்த அளவில், எந்த வகையில் வாங்குவது?

முதல் பதில்

விற்பனையாளர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறார். நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவுமே தவிர, நிறுத்த உதவாது. பிரேக் பிடிக்கும்போது இரு சக்கர இயக்க வண்டியானாலும் நான்கு சக்கர இயக்க வண்டியானாலும் நான்கு டயர்களின் பிடிப்பை நம்பியே நிற்கிறது. போதாக்குறைக்கு, எளிதாகக் கிளம்பிவிடுவதாலேயே சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது. முதல் சிவப்பு விளக்கில்தான் அது தெரியவரும்.

‘எம் பிளஸ் எஸ்’ என்பது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். அது டிரெட்டின், அதாவது சாலையைத் தொடும் மேற்பரப்பின், வடிவமைப்பைக் குறிக்கிறதே ஒழிய, எந்தச் சோதனையிலும் தேறியதற்கான சான்று அல்ல. நீங்கள் தேட வேண்டியது மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னத்தை. அழுந்திய பனியில், ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பைக் காட்டிய டயருக்கே அது கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனை பனிக்கட்டியில் நடப்பதில்லை என்பதால், சின்னம் பெற்ற டயர்களுக்குள்ளும் தரவேறுபாடு கணிசமாக உண்டு.

அடிப்படைக் காரணம் ரப்பரில் இருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் கலவையோ உறைகுளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். கடையில் ஒரு குளிர்கால டயரின் டிரெட் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: அதில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடுவதும், அழுத்தும்போது அவை விரிவதும் தெரியும். பனிக்கட்டியைக் கவ்வும் விளிம்புகள் அவைதாம்.

பிக்கப்புக்கு இது காரைவிட முக்கியம். எஞ்சின் முன்னால், பின்னால் காலிப் பெட்டி. சந்திப்பில் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றே கூடுதலாக மிதித்தாலும் பின்பக்கம் விலகிப் போகும். முன்சக்கர இயக்கக் காரில் இந்த அனுபவம் உங்களுக்கு வாய்த்திருக்காது. எனவே நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரைப் போடுங்கள். பின்னால் இரண்டு மட்டும் மாற்றுவது முன்பக்கத்தைத் திருப்பத்தில் கைவிட்டுவிடும்.

ஒரு கூடுதல் செய்தி: 1934இல் ஃபின்லாந்தில், இன்று நோக்கியன் என்று அறியப்படும் நிறுவனம் உருவாக்கிய முதல் குளிர்கால டயர் காருக்காக அல்ல, சரக்கு வண்டிக்காகத்தான் செய்யப்பட்டது.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். அளவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 20 அங்குல ரிம் பார்வைக்கு நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் அதனால் பயன் குறைவு. 17 அல்லது 18 அங்குல எஃகு ரிம்மில் குளிர்கால டயர்களைத் தனியாகப் பூட்டி வைத்துக்கொள்வது நல்லது. டயரின் விலை குறையும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பனிக்கடியில் மறைந்த குழிகளில் ரிம் அடிபடாது, ஒவ்வொரு பருவத்திலும் டயரைக் கழற்றி ஏற்றும் கூலியும் மிச்சம். சற்றே குறுகலான டயர் ஆழமான பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொடும்.

மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 20 அங்குல ரிம்மில் 275/55 டயரின் (அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம்) விட்டம் சுமார் 810 மில்லிமீட்டர். 17 அங்குலத்தில் 265/70 டயரின் விட்டம் சுமார் 803. வேகமானியில் ஒரு சதவீத அளவே வேறுபடும். ஆனால் சிறிய ரிம் உங்கள் வண்டியின் பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இடிக்காமல் உட்காருமா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். சில மாடல்களில் 17 அங்குலம் ஏறாது.

வகையைப் பொறுத்தவரை, டிரெய்லர் இழுப்பவர் என்பதால் எல்.டி. எனப்படும் இலகு சரக்கு வண்டி வகையில், கனமான சுமை தாங்கும் ‘ஈ’ சுமைப்பிரிவையே வாங்குங்கள்.

மூன்றாம் பதில்

கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘ஈ’ பிரிவு டயர் கனமான சுமைக்காகவே இறுக்கமாகக் கட்டப்பட்டது. பெரும்பாலும் காலியாக ஓடும் அரை டன் வண்டியில் அது குலுக்கும். அத்துடன், சாலையின் மேடுபள்ளத்துக்கேற்ப வளைந்து கொடுக்காது. வண்டியின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எந்த வகையும் சுமைக்குறியீடும் குறிக்கப்பட்டிருக்கின்றனவோ, அவற்றுக்குக் குறையாத, எல்.டி. அல்லாத சாதாரண வகைக் குளிர்கால டயரே இவருக்குப் போதுமானது. முக்கால் டன் வண்டியாகவோ, வாரந்தோறும் கனமான டிரெய்லராகவோ இருந்தால் நானும் எல்.டி. என்றுதான் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. 18 அங்குல ரிம், மலைச் சின்னம் உள்ள சாதாரண வகை டயர் என்று முடிவுசெய்திருக்கிறேன். ஆணி பதித்த டயர் தேவைப்படுமா? பின்பெட்டியில் மணல் மூட்டை போடச் சொல்கிறார்களே, அது உண்மையில் உதவுமா?

முதல் பதிலை எழுதியவர்

உங்கள் சாலைகள் வாரக்கணக்கில் பனிக்கட்டியாகவே கிடந்தால் ஆணி உதவும். தார் தெரியும் சாலைகளில் அது இரைச்சல் போடும், சாலையையும் தேய்க்கும். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முதலில் அதை விசாரியுங்கள். பின்னாளில் ஆணி பதித்துக்கொள்ளலாம் என்று எண்ணவும் வேண்டாம்: ஆணியில்லாமல் ஓடிய டயரின் துளைகளில் மணலும் கல்லும் அடைந்துவிடும்.

மணல் மூட்டை உதவும், ஆனால் இடம் முக்கியம். பின்அச்சுக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி கட்டுங்கள். பின்கதவோரம் தள்ளி வைத்தால் முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். கட்டாத மூட்டை அவசரப் பிரேக்கில் முன்னோக்கிப் பாயும்.

காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி வீழ்ச்சிக்கும் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறையும். 20 டிகிரி வெப்பமுள்ள பட்டறையில் 35 நிரப்பிய டயர், மைனஸ் 20இல் ஏறத்தாழ 28தான் காட்டும். ஆகவே வண்டி வெளியே குளிர்ந்து நிற்கும்போது அளந்து நிரப்புங்கள்.

வண்டியை முடிவுசெய்யும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: நான்கு சக்கர இயக்கம் தானாக இணைந்து விலகும் ‘ஆட்டோ’ நிலை அதில் உண்டா? பழைய பாணி அமைப்பில் முன், பின் அச்சுகள் இறுக்கமாகப் பிணைக்கப்படுவதால், அதைக் காய்ந்த தாரில் ஈடுபடுத்தித் திரும்பினால் பற்சக்கரங்களுக்குச் சேதம் வரும். பனியும் வெறுந்தாருமாக மாறி மாறி வரும் சாலையில் ஒவ்வொரு முறையும் கையால் மாற்றிக்கொண்டிருப்பது சலிப்பான வேலை.

இரண்டாம் பதிலை எழுதியவர்

எல்.டி. பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். டயர் வாங்கும்போது பக்கவாட்டுக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. புதிய ரிம்மைப் பூட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகி) மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரிகளையும் அதே சமயத்தில் வாங்கிப் பொருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலம் முழுவதும் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.