தாய் முதுமையடைந்தபின் மறைபரப்புக் குரு ஊர் திரும்புவது உரிமையா, சலுகையா?

கடலோரன்:

தூத்துக்குடி, கோட்டாறு மறைமாவட்டங்களில், கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் மகனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார் பலர் இருக்கிறார்கள். துறவற சபைக்குச் சபை விதி வேறுபட்டாலும், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சில வாரங்கள் ஊர் விடுப்பு என்பதே பரவலான வழக்கம். ஐம்பது வயதுத் தாய்க்கு அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. எண்பத்திரண்டு வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கோ அடுத்த விடுப்பு வராமலே போகலாம்.

ஆகவே என் கருத்தை நேராகவே வைக்கிறேன். தாய் எண்பதைக் கடந்து, பிறர் துணையின்றி நடமாட முடியாத நிலையை அடைந்துவிட்டால், குருவான மகன் விரும்பும் பட்சத்தில், சொந்த ஊருக்கு அருகே பணியாற்றும் உரிமையைச் சபை தன் விதிகளிலேயே எழுதி வைக்க வேண்டும். இன்று அது சபையின் மாநிலத் தலைவரின், அதாவது ஒரு பகுதியின் குருக்களுக்குப் பொறுப்பான தலைவரின், மனநிலையைப் பொறுத்ததாக இருக்கிறது. நல்ல தலைவர் வாய்த்தால் அனுமதி கிடைக்கிறது. வாய்க்காவிட்டால் 'செபிப்போம், ஃபாதர்' என்ற பதில் மட்டுமே கிடைக்கிறது.

பழைய உபதேசியார்:

தம்பி கடலோரன், உங்கள் வருத்தம் நியாயமானது. நீங்கள் கேட்கும் விதி நியாயமானதன்று. மகன் நிரந்தர வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வாழ்நாள் வாக்கு, கொடுத்த நாளில் அந்தத் தாயும் கோவிலில் இருந்தார். கீழ்ப்படிதல் என்ற வாக்கில், 'அம்மா நலமாக இருக்கும்வரை' என்ற நிபந்தனை எதுவும் இல்லை. தந்தையை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவனுக்கு ஆண்டவர் கொடுத்த பதில் லூக்கா நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை மென்மையாக்கி விளக்க எத்தனை பேர் முயன்றாலும் அது கடினமான பதில்தான்.

நம் மண்ணுக்கு வந்தவர்களைப் பாருங்கள். புனித சவேரியார் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது தம் ஊர் வழியாகவே சென்றும், தாயைக் காண அரண்மனைக்குள் நுழையவில்லை என்று நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். புனித அருளானந்தரின் (போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ) தாய் மகனை நிறுத்த எவ்வளவோ முயன்றும் அவர் 1673இல் கப்பல் ஏறினார். அவர்கள் வீட்டு நிலவரத்தைக் கருதி வராமல் இருந்திருந்தால் நாம் இங்கே இதை விவாதித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

சட்டப்பித்தன்:

சவேரியாரைப் பற்றிய அந்தக் கதை மறையுரைகளில் மட்டுமே உயிர் வாழ்கிறது. அவருடைய தாய் 1529இல் இறந்துவிட்டார். அவர் உரோமையிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்டது 1540இல். இறந்து பதினோரு ஆண்டுகளான தாயைக் காண மறுத்ததைத் தியாகமாக எப்படிக் கொள்வது? இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, உயிரோடிருக்கும் தாயைக் காண வேண்டாம் என்று இளம் குருக்களுக்கு அறிவுரை கூறுவது எனக்குக் கூச்சத்தையே தருகிறது.

அருளானந்தரின் வரலாறும் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை, ஐயா. 1686இல் மறவர் சீமையில் (இராமநாதபுரம் பகுதி) சித்திரவதைப்பட்டு விடுதலையான பிறகு, மதுரை மிஷனின் காரியங்களுக்காக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். லிஸ்பன் சேர்ந்தார். தாயையும் இளமைத் தோழரான அரசர் இரண்டாம் பேதுருவையும் சந்தித்தார். அரசர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் மீண்டும் கப்பல் ஏறி, 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். ஆக, ஊர் சென்று தாயைக் கண்டது அவருடைய அழைத்தலைக் கெடுக்கவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 665ஆம் விதிப்படி, தகுந்த காரணம் இருந்தால் மேல்நிலைத் தலைவர் தம் ஆலோசகர் குழுவின் இசைவோடு ஒரு துறவியைச் சபையின் இல்லத்துக்கு வெளியே வாழ அனுமதிக்கலாம். ஆனால் ஓராண்டுக்கு மேல் இல்லை. உடல்நலம், படிப்பு, சபையின் பெயரில் செய்யும் பணி ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்த வரம்பு பொருந்தாது. பெற்றோரைப் பேணுவது அப்பட்டியலில் இல்லை. அதற்கும் மேல் தேவைப்பட்டால் 686ஆம் விதி இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட அவ்விதிப்படி, கடுமையான காரணத்துக்காகச் சபையின் உலகத் தலைவர் ஐந்து ஆண்டுகள்வரை வெளியே வாழ அனுமதி தரலாம். குருவாக இருந்தால், அவர் தங்கப்போகும் இடத்து ஆயரின் முன்னிசைவும் வேண்டும். அக்காலத்தில் அவருக்குச் சபைத் தேர்தல்களில் வாக்களிக்கவோ நிற்கவோ உரிமை இல்லை. கதவு இருக்கிறது, ஆனால் அதன் வழியே போகிறவர் பாதி வெளியேறியவரைப் போல நடத்தப்படுகிறார் என்பதுதான் நடைமுறை.

மூத்த மருமகள்:

இதுவரை எழுதிய மூவரும் தாயைப் பற்றியும் மகனைப் பற்றியும் எழுதினீர்கள். அந்தத் தாயைக் குளிப்பாட்டுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கொழுந்தனார் ஆப்பிரிக்காவில் பணியாற்றும் துறவற சபைக் குரு. அவர் விடுப்பில் வரும்போது நடப்பதைச் சொல்கிறேன். முதல் சில நாள்கள் ஊரே வீட்டில் இருக்கும். பிறகு பங்கில் திருப்பலி, அன்பியக் கூட்டம், சொந்தக்காரர்களின் வீடு மந்திரிப்பு, அவர் வருகைக்காகவே தள்ளிவைக்கப்பட்ட இரண்டு மூன்று திருமணங்கள், அவருடைய மிஷன் பள்ளிக்கு நிதி திரட்டப் பங்குதோறும் பயணம், விசா வேலை, பல் மருத்துவர், சபையின் மாநில இல்லத்தில் தங்கல். இவை எல்லாம் போக மிச்சமிருக்கும் மாலைகளில் அவர் தாயின் கட்டிலருகே அமர்ந்து செபமாலை சொல்லுவார். அந்த நேரத்தில் என் மாமியார் முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். வலிக்கிறது என்று ஒரு சொல் வராது. 'எனக்கென்ன குறை, சாமி' என்பார். அன்றிரவு பத்து மணிக்குமேல் அந்த வலியெல்லாம் என்னிடம் வரும். விடுப்பு முடிந்து போனவர், அம்மா நன்றாக இருக்கிறார்கள் என்று தம் சபையினரிடம் மனதாரச் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் காட்டப்பட்டது அதுதான்.

கடலோரன் கேட்கும் உரிமை கிடைத்து அவர் பக்கத்துப் பங்குக்கே மாற்றலாகி வந்தாலும், வாரம் ஒருமுறை வரும் விருந்தாளியாகத்தான் இருப்பார். எனக்கு இன்னொருவருக்கும் சேர்த்துச் சமையல், அவ்வளவுதான். உபதேசியார் ஐயா சொல்லும் தியாகத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன்: மகனுடைய வார்த்தைப்பாட்டுக்குத் தாய் சாட்சியாக இருந்தார், சரி, மருமகளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

துர்க்கானா அடிகள்:

நான் கென்யாவின் வடக்கே, துர்க்கானாவில் பணியாற்றும் தமிழ்க் குரு. மேலே எழுதிய சகோதரி விவரித்த விடுப்புப் பட்டியலை என் வீட்டாரும் எழுதியிருக்கலாம். அதில் மறுப்பதற்கு எனக்கு எதுவும் இல்லை.

இருந்தாலும் கடலோரன் கேட்கும் உரிமையை நான் எதிர்க்கிறேன். என்னோடு ஒரே இல்லத்தில் வாழும் போலந்து நாட்டுக் குருவுக்கும் தாய் இருக்கிறார். இந்த நாட்டின் வேறொரு மூலையிலிருந்து வந்திருக்கும் கென்யக் குருவுக்கும் இருக்கிறார். வயதான தாய் உள்ள ஒவ்வொருவரும் விதிப்படி ஊர் திரும்பினால், ஐம்பதுகளில் இருப்பவர்கள், அதாவது மொழியும் வழக்கமும் நன்றாகப் பிடிபட்டவர்கள், மொத்தமாக வெளியேறுவார்கள். வறட்சிக் காலத்தில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நீர் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும் மக்களிடம் நம்பிக்கை பெறவே பல ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக வரும் இளைஞர் அந்த இடத்தை அடுத்த மாதமே நிரப்பிவிட முடியாது.

வேறொன்றையும் வெளிப்படையாகச் சொல்லுகிறேன். ஊரில் இருக்கும் வாரங்களில் என் தாய் என்னை மகனாக நடத்துவதில்லை. எனக்குத் தனி நாற்காலி, தனித் தட்டு. நான் எழுந்து தண்ணீர் எடுத்தால் அவருக்கு மனம் பொறுக்காது. கால் பிடித்துவிடக் கை நீட்டினால், குருவின் கை படக்கூடாது என்று காலை இழுத்துக்கொள்கிறார். அவரைப் பேண எனக்கு ஆசை இருக்கிறது. அவர் அதற்கு இடம் தருவதில்லை. சபை ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டால் இது மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடலோரன்:

அடிகளாரின் நேர்மையை மதிக்கிறேன். அவருடைய முடிவை ஏற்கவில்லை. மிஷனுக்கு ஆள் போதாது என்பது நிர்வாகச் சிக்கல். நிர்வாகச் சிக்கலுக்கு வார்த்தைப்பாட்டின் புனிதத்தைக் கேடயமாகப் பிடிப்பதைத்தான் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்தார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிக் கைகழுவியவர்களை அவர் பாராட்டவில்லை. லூக்காவை எடுத்துக்காட்டும் உபதேசியார் ஐயா மாற்குவையும் வாசிக்க வேண்டும்.

அருளானந்தரின் தாய் லிஸ்பன் அரசவையோடு தொடர்புடைய சீமாட்டி, ஆளுநராக இருந்து இறந்தவரின் மனைவி, வேலைக்காரர்களுக்குக் குறைவிருந்திராது. அவரையும் முதியோர் உதவித்தொகைக்காக அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் மீனவக் கைம்பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். அன்னை தெரசாவையும் யாரேனும் இழுப்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1928இல் வீட்டை விட்டுப் போன அவர், 1972இல் டிரானாவில் இறந்த தம் தாயைக் கடைசிவரை காண முடியவில்லை. அவரைத் தடுத்தது அல்பேனியாவின் கம்யூனிச அரசு. காண வேண்டும் என்று அவர் முயன்றுகொண்டேதான் இருந்தார். நம் குருக்களைத் தடுக்கும் அரசு எதுவும் இல்லை. ஒரு விதிப்புத்தகம் மட்டுமே இருக்கிறது.

மேலும், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வளர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் பொறுப்பை வைக்கிறது. குருக்களுக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சட்டப்பித்தன்:

விலக்கு இல்லை என்பது சரி. ஆனால் அச்சட்டம் பேசுவது பராமரிப்புத் தொகையைப் பற்றி. தீர்ப்பாயம் ஒருவரை அழைத்துத் தொகை நிர்ணயிக்கலாமே தவிர, கென்யாவிலிருந்து திரும்பி வா என்று உத்தரவிட முடியாது. தொகை என்று வந்தாலும், துறவற சபைக் குரு உழைத்துப் பெறுவதும், ஓய்வூதியமாக வருவதும் திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதிப்படி சபைக்கே சேரும். மறைமாவட்டக் குருவின் நிலை வேறு. அவர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை, தம் பெயரில் பணமும் சொத்தும் வைத்துக்கொள்ளலாம், தாய்க்கு மாதந்தோறும் அனுப்பலாம். இந்த வேறுபாடு பல குடும்பங்களுக்குத் தெரியாததால்தான், 'பக்கத்து வீட்டுச் சாமியார் தன் அம்மாவுக்கு ஏசி போட்டுக் கொடுத்தார், நம் வீட்டுச் சாமியார் ஒன்றும் செய்யவில்லை' என்ற மனக்கசப்பு எழுகிறது.

ஆகவே கேள்வியை மகனிடமிருந்து சபைக்குத் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய உழைப்பின் பயனைச் சபை எடுத்துக்கொள்கிறது என்றால், அவர் தாய்க்குச் செய்ய வேண்டியதிலும் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ள வேண்டும். பகலில் சில மணிநேரம் வரும் ஒரு செவிலியருக்கான சம்பளத்தையாவது தர வேண்டும்.

பழைய உபதேசியார்:

சவேரியாரின் தாயைப் பற்றிய ஆண்டுகளை மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆயினும் என் நிலை மாறவில்லை. சபை சம்பளம் தரும் செவிலியர் என்று தொடங்கினால், குருத்துவம் குடும்பத்துக்கு வருமானம் தரும் வேலையாகிவிடும். இரண்டு மகன்களில் ஒருவரைக் குருமடத்துக்கு அனுப்பும்போதே பெற்றோர் கணக்குப் பார்ப்பார்கள். ஏழைப் பெற்றோர் எதையும் எதிர்பாராமல் கொடுத்ததால்தான் நம் பகுதியின் அழைத்தல்களுக்கு மதிப்பு இருந்தது. அந்தத் தாய் 'எனக்கென்ன குறை, சாமி' என்று சொல்வதை நீங்கள் எல்லோரும் நடிப்பு என்கிறீர்கள். அதை அவருடைய காணிக்கையாக நான் பார்க்கிறேன். அதைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

மூத்த மருமகள்:

ஐயா, காணிக்கை அவருடையதாக இருக்கட்டும். அதற்கான கூலி வேலை என்னுடையதாக இருக்கிறது.

எனக்கு உரிமை விதியும் வேண்டாம், வீரக்கதையும் வேண்டாம். விடுப்பில் வரும் மகன் முதல் வாரம் முழுவதும் வெளியே எங்கும் போகாமல், தாயின் மருந்துச் சீட்டைத் தானே வாசித்து, மருத்துவரைத் தானே பார்த்து, இரவில் தாயின் அறையிலேயே படுக்க வேண்டும். அடிகளார் சொன்னதுபோல் தாய் காலை இழுத்துக்கொள்வார். முதல் நாள் இழுப்பார், நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும்போது இழுக்க மாட்டார். அதற்கு மகன் அந்த நேரத்தில் அந்த அறையில் இருக்க வேண்டும், மிஷனுக்கு நிதி திரட்ட வேறு ஊரில் இருக்கக்கூடாது.

துர்க்கானா அடிகள்:

சகோதரி, இதில் நான் உங்கள் பக்கம். விடுப்புக் காலத்தில் நிதி திரட்டும் கடமையை எவர்மீதும் வைக்கக்கூடாது என்றும், அந்த வாரங்கள் பெற்றோருக்கே உரியவை என்றும் எங்கள் சபையின் அடுத்த மாநிலப் பேரவைக்கு ஒரு முன்மொழிவு எழுதினால் நான் முதலில் கையெழுத்திடுவேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பு என்பதை, தாய் எண்பதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் குறுகிய விடுப்பாகப் பிரித்துத் தரவும் கேட்கலாம். பயணச் செலவு கூடும் என்று பொருளாளர் நிச்சயம் எதிர்ப்பார். நிரந்தரமாகத் திரும்பும் உரிமை என்ற கடலோரனின் வாசகத்துக்கு மட்டும் என் கையெழுத்து இல்லை.

கடலோரன்:

ஆண்டுக்கு ஒருமுறை என்பது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையைவிட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது ஆண்டு விடுப்பும் மூன்றாண்டு விடுப்பும் ஒன்றாகவே ஆயின. தாயின் அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்த குருக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் முன்மொழிவை அனுப்புங்கள், ஃபாதர். அதன் கீழே என் வாசகத்தையும் தனி முன்மொழிவாகச் சேர்த்து அனுப்புங்கள். பேரவை அதைத் தோற்கடிக்கட்டும், ஆனால் வாக்கெடுப்பு நடக்கட்டும்.