தலைகீழ் முக்கோணப் போர்ட்: நிற்க வேண்டுமா, போகலாமா?

எல்போர்ட்காரி (களுவாஞ்சிகுடி):
எழுத்துப் பரீட்சை பாஸ், ட்ரயல் (ஓடிக் காட்டும் சோதனை) இன்னும் இருக்கிறது, அண்ணாவின் ஸ்கூட்டியில் பழகுகிறேன். எங்கள் ஒழுங்கை மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் சிவப்புக் கரை போட்ட தலைகீழ் முக்கோணம் நிற்கிறது. நேற்று அதில் காலை ஊன்றி முழுசாக நின்றேன். ரோட்டில் ஒரு மாடு கூட இல்லை. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து, “என்ன பிள்ளை, நித்திரையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சரி என்று இன்று நிற்காமல் மெதுவாக ஏறப்போனால் கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ் இரண்டு தரம் லைட் அடித்தது, எனக்கு விடுகிறார் என்று நினைத்து முன் சில்லை வைத்துவிட்டேன், அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. இன்னும் கை நடுங்குகிறது. ஓடப் பழக்கும் லேனர்ஸில் கேட்டால் “பார்த்துப் போங்க” என்கிறார்கள். நின்றால் பிழையா, நிற்காவிட்டால் பிழையா? ரவுண்டபோட்டில் யார் முதலில்?

நெல்லொறி (அக்கரைப்பற்று):
தங்கச்சி, முதலில் லைட்டைச் சொல்கிறேன், அதுதான் ஆளைக் கொல்லும். எங்கள் ரோட்டில் பஸ்ஸும் லொறியும் லைட் அடித்தால் “நான் வாறன், நீ நில்லு” என்று அர்த்தம். “நீ போ” என்று யாராவது அடித்தாலும் அவர் வண்டி நின்றதைக் கண்ணால் கண்ட பிறகு போங்கள்.

போர்ட் விசயம். கட்டாயம் நிற்கச் சொல்வது எட்டு மூலை ஸ்டொப் போர்ட், அதில் ரோட் வெறிச்சோடிக் கிடந்தாலும் சில்லு நிற்கவேண்டும். முக்கோணம் ‘வழிவிடு’ போர்ட், அப்படி இல்லை, வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் நிற்காமலே ஏறலாம். ஆனால் மெயின் ரோட்டில் வருகிறவன் உங்களால் பிரேக்கில் கால் வைத்தாலோ ஒதுங்கினாலோ நீங்கள் வழிவிடவில்லை, அவ்வளவுதான் கணக்கு. அறுவடை நேரம் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது நான் பிரேக்கில் ஏறி நின்றாலும் லொறி உடனே நிற்காது. நேற்று நீங்கள் நின்றது பிழையே இல்லை, ஓட்டோக்காரருக்கு அவசரம்.

ரவுண்டபோட்டில் வலப்பக்கத்தால் வருகிறவருக்கு விடுங்கள். நேரான ரோட்டில் வலப்பக்கம் திரும்புகிறதென்றாலும் எதிரே நேராக வருகிறவர் போன பிறகுதான்.

ரொறன்ரோ மச்சான்:
இங்கே இதை ‘யீல்ட்’ என்பார்கள். அமெரிக்காவில் இதை முதலில் 1950இல் நட்டவர் டல்சா நகரத்துப் பொலிஸ்காரர் கிளின்டன் ரிக்ஸ் என்பவராம், அப்போது மஞ்சள் நிறம். இந்த வடிவம் வேறு எந்தப் போர்ட்டுக்கும் கிடையாது, பனி மூடி எழுத்துத் தெரியாவிட்டாலும் உருவத்தைப் பார்த்தே விளங்கும். ஆனால் என்னைப் போல வெளிநாட்டில் ஓடிப் பழகியவர்கள் ஊரில் கவனம். இங்கே வண்டி வலப்பக்கம் ஓடுவதால் ரவுண்டபோட்டில் இடது பக்கம்தான் பார்ப்போம். ஊருக்கு வந்தபோது மட்டக்களப்பு டவுனில் அதே பழக்கத்தில் இடது பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கி, ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் கிடக்கிறது. அவர் பாவம், பின்னால் இரண்டு பிள்ளைகள்.

கல்லடியான்:
மனே, 2013இல் புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் எங்கள் கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். அந்தக் கரையில் இருந்து வருகிறது முடிய நாங்கள் இந்தக் கரையில் வரிசையில் நிற்போம், வேலைக்குப் பிந்தினாலும் நிற்போம். பாலத்துக்குள் இறங்கிவிட்டவன் பின்னுக்கு வரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது ரோட் அகலம், பொறுமை ஒடுக்கம். மஞ்சள் கடவையில் ஆள் கால் வைத்திருந்தால் போர்ட்டே தேவையில்லை, நிற்கவேண்டும், ட்ரயலில் அதையும் பார்ப்பார்கள்.

எல்போர்ட்காரி:
எல்லாருக்கும் நன்றி. நெல்லொறி அண்ணா, லைட் கணக்கு இனி மறக்காது. பின்னேரம் போய்ப் பார்த்தேன், பூவரசங்கிளை ஒன்று வளர்ந்து போர்ட்டில் பாதியை மூடிவிட்டது, கீழ் மூலை மட்டும்தான் வெளியே தெரிகிறது, அதை வைத்தே முக்கோணம் என்று சொல்லலாம்தான். ஆனாலும் கத்தியோடு வரச்சொல்லி அண்ணாவுக்குச் சொல்லியிருக்கிறேன். ட்ரயல் வருகிற செவ்வாய்.