36 மி.மீ. 'நார்மல்', 33-ஆம் வாரத்தில் பிரசவம்: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு முதல் பிரசவம். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. 20-ஆம் வார ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் நீளம் 36 மி.மீ. (இது குட்டையாக இருந்தால் குறைப்பிரசவம் ஆகலாம் என்று பார்ப்பார்களாம்.) "நல்லா இருக்கும்மா, கவலையே வேணாம்" என்றார்கள். ரிப்போர்ட்டை ஃபைலில் செருகிவிட்டு மறந்தே போனேன்.

வளைகாப்பு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. 33-ஆம் வாரம். குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடத்தான் நேரம் இருந்தது. மகள் 1.8 கிலோ. அவளைப் பார்க்கப் போனால், பச்சிளங்குழந்தை ஐசியூ வாசலில் வளையலை எல்லாம் கழற்றச் சொன்னார்கள்; உள்ளே போனால் முழங்கை வரை சோப்பு போட வேண்டும். சோப்பைத் தடவித் தடவி ஒவ்வொன்றாக உருவினேன். இரண்டு உடைந்தன. "பிரசவம் ஆனப்புறம்தானே கழற்றணும், ஆயிடுச்சே" என்றார் மாமியார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த 36 பொய்யா?

*

பொய் இல்லைம்மா. நான் ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவள். வயிற்றின் மேல் வைத்து, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது அளந்தால் கர்ப்பப்பை வாய் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். அதனால்தான் சிறுநீர் போய்விட்டு வரச் சொல்லி, உள்வழியாக மூன்று முறை அளந்து குறைந்த அளவை எழுதுவோம்.

ஆனால் சரியாக அளந்தாலும் முதல் பிரசவத்துக்காரர்களில் பெரும்பாலோரை இது தவறவிடுகிறது. அமெரிக்காவில் 9,410 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. தானாகக் குறைப்பிரசவம் ஆனவர்களில், 22 வாரத்துக்கு முன் அளந்த 439 பேரில் 35 பேருக்குத்தான் நீளம் 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, அதாவது குட்டையாக, இருந்தது. அதற்குப் பிறகு 30 வாரத்துக்குள் அளந்தபோதும் 403-க்கு 94தான். பிரசவம் நெருங்குகிறதா என்று காட்டும் ஒரு புரதத்தைப் பிறப்புறுப்புத் திரவத்தில் தேடும் ஃபைப்ரோநெக்டின் சோதனை இன்னும் மோசம், 384 பேரில் 31 பேருக்குத்தான் பாசிட்டிவ்.

*

எனக்கு நேர் எதிர். 18 மி.மீ. என்றதும் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. தினமும் ராத்திரி 200 மி.கி. புரோஜெஸ்ட்ரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) மாத்திரை பிறப்புறுப்புக்குள்ளே வைத்தேன். 38 வாரத்தில் சுகப்பிரசவம். மாத்திரைதான் காப்பாற்றியது என்று அம்மா இன்னும் சொல்கிறார். டாக்டர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. 2007 ஆய்வில் 15 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களில், இந்த மருந்து இல்லாமல் 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆனது சுமார் 34 சதவீதம், மருந்தோடு 19 சதவீதம் என்றார். மருந்தே இல்லாமலும் மூன்றில் இரண்டு பேர் தாண்டியிருக்கிறார்கள்! நான் எந்தப் பக்கமோ.

*

லண்டனில் எனக்கு 29 வாரத்தில் இடுப்புவலி. அந்த ஃபைப்ரோநெக்டின் பஞ்சுக்குச்சிச் சோதனை எடுக்கும் முன், "இரண்டு நாளுக்குள் உறவு உண்டா?" என்று மாமியார் முன்னாலேயே நர்ஸ் கேட்டுவிட்டார், இருந்தால் முடிவு தப்பாகுமாம். நெகட்டிவ், வீட்டுக்கு அனுப்பினார்கள், 40 வாரத்தில் மகன். வலியோடு வருகிறவர்களுக்குத்தான் இது உதவும் என்றார்கள்.

*

நன்றி அக்காமார்களே. மகளுக்கு இப்போது நாலு மாதம், 5 கிலோ. இனி நான் 'ரிஸ்க் இல்லாதவள்' இல்லையாம். அடுத்தது என்றால் 16-ஆம் வாரத்திலிருந்தே அளந்து பார்ப்பார்களாம். அடுத்ததா? முதலில் இவள் ராத்திரி தூங்கட்டும்.